கொடுப்பது ஒன்று, விளைவது பல

இறைவன் எல்லா உயிருக்கும் பொதுவானவன் என்றால் ஓர் உயிர் வாழ்வதும் மற்றோர் உயிர் வாடுவதும் எதனால் என்னும் கேள்வி, கடவுளை ஏற்றுக்கொண்ட தத்துவ மரபுகள் அனைத்தையும் தொடர்ந்து வந்திருக்கிறது. பிரம்ம சூத்திரம் தன் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பாதத்தில், 34-ஆம் சூத்திரத்தில், இக்கேள்வியை இரண்டு குற்றச்சாட்டுகளாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. ஒன்று வைஷம்யம், அதாவது ஆளுக்கொரு நீதி வைக்கும் பாரபட்சம். மற்றொன்று நைர்க்ருண்யம், அதாவது துன்பத்தைக் கண்டும் இரங்காத கொடுமை. இவ்விரண்டும் இறைவனைச் சாரா, ஏனெனில் அவன் உயிர்களின் வினையை நோக்கியே செயல்படுகிறான் என்பது சூத்திரம் தரும் விடை. இதற்கு உரை எழுதிய சங்கரர் மழையை உவமையாக்கினார்: மழை எல்லா வயலுக்கும் பொதுக்காரணம், ஒரு வயலில் நெல்லும் மற்றொரு வயலில் வாற்கோதுமையும் விளைவதற்கு அந்தந்த விதையே சிறப்புக்காரணம். சங்கரரோடு பலவற்றில் மாறுபட்ட இராமானுசரும் தம் ஸ்ரீபாஷ்யத்தில் இந்த ஓரிடத்தில் வினையைச் சார்ந்த விளக்கத்தையே ஏற்கிறார். சைவ சித்தாந்தமோ கதிரவன் முன் நிற்கும் தாமரைகளைச் சுட்டுகிறது. சூரியன் எந்த மாற்றமும் அடையாமல் ஒளி வீச, ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று மொட்டாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது. இவ்வேறுபாடு ஒளியில் இல்லை, மலரின் பக்குவத்தில் இருக்கிறது என்பது அதன் கருத்து.

இந்த வாதத்தின் உயிர்நிலை ஒரே ஒரு கூற்றில் அடங்கியிருக்கிறது. காரணம் ஒன்றாகவே இருக்கும்போதும் ஏற்பவை வேறுபட்டால் விளைவுகள் வேறுபடும், எதிரெதிராகவும் அமையும் என்பதே அக்கூற்று. மழையும் கதிரவனும் கண்முன் உள்ள சான்றுகள் என்றாலும், அவை எவ்வாறு இப்படிச் செயல்படுகின்றன என்பதை அக்கால உரையாசிரியர்கள் அணு அணுவாகப் பிரித்துக் காட்ட இயலவில்லை. மனித உடலுக்குள் ஹிஸ்டமின் என்னும் பொருள் இயங்கும் முறை, அவ்வாறு பிரித்துப் பார்க்கத் தக்க ஓர் எடுத்துக்காட்டாக இன்று கிடைத்திருக்கிறது. அது பழைய வாதத்தை எந்த அளவுக்குத் தாங்குகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று ஆராய்வதற்கு, திருவேங்கடமும் திருக்காளத்தியும் காணிப்பாக்கமும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்த சித்தூர், திருப்பதிப் பகுதி பொருத்தமான களம். வைணவமும் சைவமும் ‘ஏற்பவரின் தகுதி’ பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணங்களை இப்பகுதியின் தலங்களோடும் அடியார்களோடும் சேர்த்தே சொல்லி வந்திருக்கின்றன.

ஹிஸ்டமின் ஐந்து கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், மூன்று நைட்ரஜன் ஆக 17 அணுக்களால் ஆன மிகச் சிறிய மூலக்கூறு. உணவுப் புரதத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி கரியமில வாயுவை நீக்கிவிட, எஞ்சுவது ஹிஸ்டமின். 1907-இல் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட இப்பொருளின் உடலியல் விளைவுகளை, 1910 முதல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் அவருடைய கூட்டாளிகளும் விரிவாக ஆராய்ந்தனர். 1927-இல் அது ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டு, உடலே தயாரித்து வைத்திருக்கும் பொருள் என்பது உறுதியாயிற்று. தோலிலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும் பரவிக் கிடக்கும் மாஸ்ட் செல்கள் இதைச் சிறு சிறு மணிகளாகச் சேமித்து வைத்திருக்கின்றன. இரைப்பையின் சுவரில் உள்ள ஒருவகைச் செல்களும், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமசில் உள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதியும் இதைத் தயாரித்து வெளியிடுகின்றன. எங்கே சுரந்தாலும் அமைப்பில் அது ஒரே மூலக்கூறுதான். தோலுக்கென ஒன்று, இரைப்பைக்கென ஒன்று என்று உடல் தனித்தனியே செய்வதில்லை.

ஆயினும் அது செய்யும் வேலைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. அது இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது, மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்கிறது, இரைப்பையில் அமிலத்தைச் சுரக்க வைக்கிறது, மூளையை விழித்திருக்க வைக்கிறது, தோலில் அரிப்பை உண்டாக்குகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ‘ஏற்பி’ எனப்படும் புரதங்கள். செல்லின் வெளிச்சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கும் இப்புரதங்கள், வெளிப்புறத்தில் ஹிஸ்டமின் வந்து பொருந்தியதும் உருவம் சற்றே மாறி, உட்புறத்தில் தம்மை ஒட்டியிருக்கும் ஜி-புரதம் என்னும் தூதுவப் புரதத்தைத் தூண்டுகின்றன. அதன்பின் நடப்பவை எல்லாம் செல்லின் வேலை. ஹிஸ்டமினுக்கு இத்தகைய ஏற்பிகள் நான்கு வகை உள்ளன. அவை எச்1, எச்2, எச்3, எச்4 என எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன.

இந்நான்கும் ஒருசேரக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. முதல் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் 1937 அளவில் டேனியல் போவேயின் ஆய்வால் உருவாகி, தடிப்பையும் தும்மலையும் அடக்குவதில் வெற்றி கண்டன. ஆனால் ஹிஸ்டமின் தூண்டும் இரைப்பை அமிலத்தை அவை சிறிதும் குறைக்கவில்லை. ஒரே பொருளின் ஒரு விளைவைத் தடுக்கும் மருந்து மற்றொரு விளைவைத் தொடவே முடியாமல் போனதால், பொருளை வரவேற்கும் இடங்கள் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்ற முடிவு தவிர்க்க முடியாததாயிற்று. 1966-இல் ஆஷ், ஷில்ட் என்னும் இருவர் பழைய மருந்துகள் தடுக்கும் ஏற்பிக்கு எச்1 என்று பெயரிட்டனர். 1972-இல் ஜேம்ஸ் பிளாக்கின் குழு இரைப்பையில் உள்ள எச்2-ஐ அதைத் தடுக்கும் பொருளைக் கொண்டே நிறுவியது. 1983-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் மூளையில் எச்3-ஐக் கண்டனர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரபணு வழியாக எச்4 அடையாளம் காணப்பட்டது. மருந்துக்கடையில் ‘அலர்ஜி மாத்திரை’ என்று கேட்டால் கிடைக்கும் செட்டிரிசினும், ‘அல்சர் மாத்திரை’ என்று கேட்டால் கிடைக்கும் ஃபாமோடிடினும் ஒரே ஹிஸ்டமினின் இருவேறு வாசல்களை அடைப்பவையே.

வாசல்தோறும் நடப்பதும் வேறு. எச்1 ஏற்பி செல்லுக்குள் கால்சியத்தின் அளவை உயர்த்துகிறது. அதனால் மூச்சுக்குழாயின் தசை சுருங்குகிறது, நுண்குழாய்ச் சுவரின் செல்களிடையே இடைவெளி விழுந்து நீர் கசிகிறது. எச்2 ஏற்பி சைக்ளிக் ஏஎம்பி என்னும் உட்செய்திப் பொருளை மிகுவிக்கிறது. அதனால் இரைப்பை அமிலம் சுரக்கிறது, இதயத் துடிப்பு விரைகிறது. எச்3, எச்4 ஆகிய இரண்டும் அதே உட்செய்திப் பொருளைக் குறைக்கின்றன; முன்னது பெரும்பாலும் மூளையில் நரம்பு முனைகளிலும், பின்னது எலும்பு மச்சையிலும் இரத்தத்தின் தற்காப்புச் செல்களிலும் மிகுதியாக அமைந்துள்ளன. எச்1, எச்2 ஏற்பிகள் விழிப்படைய வேண்டிய அளவைவிடப் பன்மடங்கு குறைந்த ஹிஸ்டமினே எச்3, எச்4 ஏற்பிகளுக்குப் போதுமானது.

ஒவ்வாமைப் பரிசோதனையின்போது முன்கையின் உட்புறத்தில் நடப்பதை உற்றுநோக்கினால் இவ்வியக்கம் கண்ணுக்கே தெரியும். தோலின்மேல் இரண்டு சொட்டுகள் வைக்கப்படுகின்றன. ஒன்று வெறும் உப்புநீர், மற்றொன்று ஹிஸ்டமின் கரைசல். சிறு ஊசிமுனையால் ஒவ்வொன்றின் வழியாகவும் தோலை இலேசாகக் குத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால், உப்புநீர் வைத்த இடம் அப்படியே இருக்க, ஹிஸ்டமின் வைத்த இடத்தில் முதலில் ஒரு செம்புள்ளியும், அதைச் சுற்றிப் பரவும் சிவப்பும், நடுவில் கொசு கடித்தாற்போன்ற வெளிறிய தடிப்பும் எழுகின்றன. 1920-களில் தாமஸ் லூயிஸ் ‘மும்முக எதிர்வினை’ என்று விவரித்தது இதைத்தான். அந்தச் சிறு தடிப்புக்குள்ளேயே குழாய்ச் சுவரின் ஏற்பி நீரைக் கசிய விடுகிறது, நரம்பு முனையின் ஏற்பி அரிப்பை உணர்த்துவதோடு சிவப்பையும் சுற்றிலும் பரப்புகிறது. அதே நேரத்தில் இரைப்பையில் அமிலம் மிகுவதில்லை, ஏனெனில் தோலில் இட்ட சொட்டு அங்கே போய்ச் சேர்வதில்லை. எனவே விளைவைத் தீர்மானிப்பவை பொருள், ஏற்பி, இடம், அளவு என நான்காகின்றன.

இவ்வளவில் பழைய வாதம் வலுப்பெறுவதாகவே தோன்றும். திருக்காளத்தி மலைமேல் நடந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரிக்கும் நிகழ்ச்சியை இங்கே ஒப்புநோக்கலாம். பொன்முகலியாற்றின் கரையில் வேட்டையாடிய பன்றியைச் சுடக் காடன் தீ மூட்டியிருக்க, வேடனாகிய திண்ணனும் அவன் தோழன் நாணனும் மலை ஏறிக் குடுமித்தேவர் எனப்படும் சிவனைக் காண்கின்றனர். கண்ட கணத்தில் திண்ணன் உருகித் தழுவுகிறான். நாணனோ அதே உருவத்தைத் திண்ணனின் தந்தை நாகனோடு வந்து முன்பே கண்டவன், அந்தணர் ஒருவர் நீராட்டி இலையிட்டதையும் நினைவில் வைத்திருப்பவன், ஆயினும் உள்ளத்தில் எந்த அசைவும் இல்லாதவன். திண்ணனுக்கு நேர்ந்ததை மயக்கம் என்றே அவன் கருதுகிறான். நாள்தோறும் ஆகம முறைப்படி வழிபடும் சிவகோசரியாருக்கோ அதே சன்னிதியில் சிந்திக் கிடந்த இறைச்சி அருவருப்பையும் அச்சத்தையும் தருகிறது. ஒரே முன்னிலையில் ஒருவர் கரைகிறார், ஒருவர் நடுங்குகிறார், ஒருவர் வாளா நிற்கிறார். சைவ சித்தாந்தம் இதை மலபரிபாகம் என்ற கோட்பாட்டால் விளக்குகிறது. உயிரைப் பற்றியுள்ள ஆணவம் என்னும் அழுக்கு எந்த அளவுக்குப் பக்குவப்பட்டுள்ளதோ அந்த அளவுக்கே அருள் பதியும், அப்படிப் பதிவதே சத்திநிபாதம் என்பது அதன் பொருள். சத்திநிபாதத்தில் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்கு படிகள் கூறப்படுவதைக் கண்டு, ஏற்பிகளும் நான்கு என்று பொருத்திக்காட்ட எவரேனும் முனைந்தால் அது எண்களை வைத்து ஆடும் விளையாட்டாகவே முடியும். ஒப்புமை உண்டென்றால் அது எண்ணில் இல்லை, இயக்கத்தில் இருக்கிறது.

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் விநாயகர் முன் சத்தியம் செய்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கத்திலும் இதே நம்பிக்கை அடங்கியிருக்கிறது. உண்மை சொல்பவனுக்கு அந்தச் சன்னிதி அமைதி, பொய் சொல்பவனுக்கு அச்சம். தெய்வம் ஆளுக்கேற்ப முகம் மாற்றுவதாக அங்கே எவரும் எண்ணுவதில்லை. திருமலையில் வாழ்ந்து ஏழுமலையானைப் பாடிய அன்னமாச்சாரியர் (1408–1503) தம் புகழ்பெற்ற கீர்த்தனை ஒன்றில் இதனினும் ஒருபடி மேலே செல்கிறார். வைணவர் திருமாலாகவும், வேதாந்திகள் பரப்பிரம்மமாகவும், சைவர் சிவனாகவும், காபாலிகர் ஆதிபைரவனாகவும், சாக்தர் சக்தியாகவும் கொள்வது ஒருவனையே என்றும், எவர் எந்த அளவுக்கு எண்ணுகின்றனரோ அந்த அளவினனாகவே அவன் அவர்களுக்கு ஆகிறான் என்றும் அக்கீர்த்தனை கூறுகிறது.

ஆனால் ஒப்புமையை அதன் முடிவு வரை கொண்டுசெல்லும்போது மூன்று இடங்களில் அது வாதத்துக்கு இடையூறு செய்கிறது. முதலாவது, ஏற்பியின் வகையும் இறுதிக் காரணம் அன்று. இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்லில் உள்ள எச்1 ஏற்பி தூண்டப்பட்டால் அச்செல் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு, அடுத்துள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கிறது; அதே எச்1 ஏற்பி தசைச் செல்லிலேயே நேராகத் தூண்டப்பட்டால் தசை சுருங்குகிறது. ஒரே பொருள், ஒரே வகை ஏற்பி, இரண்டு எதிர் விளைவுகள். ஏற்பி எந்தச் செல்லில் அமைந்தது, அச்செல்லுக்கு அண்டையில் இருப்பது எது என்பதெல்லாம் சேர்ந்தே விளைவு பிறக்கிறது. ஆகவே ‘அவனவன் தகுதி’ என்று தனியொரு உயிரின்மேல் மட்டும் விளைவை ஏற்றிவிடுவது உடலியலிலேயே போதாத விளக்கமாகிவிடுகிறது; தகுதி என்பது சூழலும் உறவும் சேர்ந்து உருவாக்குவது.

இரண்டாவது, ஏற்பி வெறுமனே காத்துக்கிடப்பது அன்று. ஹிஸ்டமின் வராதபோதும் ஏற்பிகளில் ஒரு பகுதி தாமாகவே செயல்நிலைக்கும் ஓய்வுநிலைக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்கின்றன. செட்டிரிசின் போன்ற மருந்துகள் ஹிஸ்டமினுக்கு இடம் மறுப்பதோடு நின்றுவிடாமல், அந்த ஊசலாட்டத்தையே ஓய்வுப் பக்கம் சாய்க்கின்றன என்பது இன்றைய மருந்தியலின் புரிதல். விதைக்கு மழைக்கு முன்பே ஓர் இயல்பு உண்டு என்பதற்கு இது சான்றாகும். ஆயினும் அவ்வியல்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பிரம்ம சூத்திரம் அடுத்த சூத்திரத்திலேயே இதை எதிர்கொண்டு, பிறவிச் சுழலும் வினையும் தொடக்கமற்றவை என்று விடையிறுக்கிறது. ஆகம அறிவோ தீட்சையோ இல்லாத திண்ணனுக்கு அப்பக்குவம் எப்படி வந்தது என்ற வியப்புக்கு, முற்பிறவியில் அவர் அருச்சுனன் என்று காளத்தித் தலமரபு விடை சொல்கிறது. உடலியலும் மரபணு, வளர்ச்சி, முன்பு நேர்ந்த தொடர்பு என்று பின்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறது. காரணத்தை ஒருபடி பின்னே தள்ளுவதால் வேறுபாடு விளங்குகிறதே தவிர, முதல் வேறுபாடு ஏன் என்பது விளங்குவதில்லை.

மூன்றாவது இடையூறு எச்3 ஏற்பியிடமிருந்து வருகிறது. மூளையில் ஹிஸ்டமினை வெளியிடும் நரம்பு முனையின்மேலேயே இவ்வேற்பி அமைந்து, வெளியான ஹிஸ்டமினை உணர்ந்து, மேற்கொண்டு வெளியிடுவதையும் தயாரிப்பதையும் குறைக்கிறது. அதாவது கொடுத்தது எவ்வளவு என்பது கொடுக்கும் இடத்துக்கே திரும்பி வந்து கொடையை மாற்றுகிறது. தாமரை மலர்ந்தாலும் வாடினாலும் மாறாத சூரியன் என்னும் உவமையில் இதற்கு இடமில்லை. வைணவ மரபில் இடம் உண்டு: திருமலையில் நிற்பதைப் போன்ற அர்ச்சாவதாரத்தில், அதாவது வழிபடும் திருவுருவில், இறைவன் தன் சுதந்திரத்தைத் தானே விட்டு, நீராட்டுவதற்கும் அமுது செய்விப்பதற்கும் அடியாரையே எதிர்பார்த்து நிற்கிறான் என்று பிள்ளை லோகாசாரியர் வழிவந்தோர் விளக்குவர். கொடுப்பவனைப் பெறுபவன் பாதிக்கிறான் என்பது இங்கே குறையாகக் கருதப்படாமல், எளிமை என்னும் குணமாகப் போற்றப்படுகிறது. அருள் எந்தக் காரணமும் எதிர்பாராமல் பாய்வது என்று தென்கலையாரும், சரணாகதி போன்ற ஒரு சிறு நிமித்தம் வேண்டும் என்று வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாரும் கொண்ட கருத்து வேறுபாடு, பெறுபவரின் பங்கு எவ்வளவு என்ற இதே கேள்வியைச் சுற்றியதே.

ஆக, ஹிஸ்டமினின் வழி கிடைக்கும் முடிவு சங்கரரின் வாதத்தைப் பாதியளவே ஆதரிக்கிறது. ஒரு காரணத்திலிருந்து எதிரெதிர் விளைவுகள் பிறப்பதற்குக் காரணத்திடம் பாரபட்சம் இருந்தே ஆக வேண்டியதில்லை என்பது உறுதியாகிறது. பாரபட்சம் என்ற முதல் குற்றச்சாட்டு இவ்வளவில் வலுவிழக்கிறது. இரக்கமின்மை என்ற இரண்டாம் குற்றச்சாட்டோ தீராமல் நிற்கிறது, ஏனெனில் துன்பம் எப்படி விளைகிறது என்று காட்டுவது அது விளைய வேண்டியதுதான் என்று காட்டுவதாகாது. சித்தூர்ப் பகுதியின் மானாவாரி நிலங்களில் விளையும் வேர்க்கடலையை ஒரு வீட்டில் நான்கு பேர் உண்ண, ஒரு குழந்தைக்கு மட்டும் உதடு வீங்கி மூச்சு இரைக்கலாம். அக்குழந்தையின் மாஸ்ட் செல்கள்மேல் கடலைப் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் முன்பே ஏறி அமர்ந்திருந்தன என்பது காரணம். அது அக்குழந்தையின் குற்றம் அன்று. அந்நிலையில் மருத்துவர் முதலில் இடுவது அட்ரினலின் ஊசி. அது ஹிஸ்டமினை அகற்றுவதில்லை, அதன் ஏற்பிகளை அடைப்பதும் இல்லை. தனக்கென உள்ள வேறு ஏற்பிகளின் வழியே செயல்பட்டு இரத்தக் குழாயை இறுக்கி மூச்சுக்குழாயைத் திறந்து உயிரைக் காக்கிறது. ஏன் இக்குழந்தைக்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை மருத்துவர் காத்திருப்பதில்லை.

சமய மரபுக்குள்ளேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. திருப்பதியில் மலையடிவாரத்தில் தம் மாமனாகிய திருமலை நம்பியிடம் ஓராண்டு இராமாயணப் பொருள் கேட்டவர் என்று குருபரம்பரை கூறும் இராமானுசர், வினைக்கேற்பவே விளைவு என்று சூத்திரத்துக்கு உரை எழுதியவர். அவரே திருக்கோட்டியூரில், பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளைக் கோயில் மேல் ஏறி, கேட்டவர் எவருடைய தகுதியையும் சோதிக்காமல் வழங்கினார் என்றும் அதே பரம்பரை போற்றுகிறது. தகுதி பற்றிய கொள்கை வேறுபாட்டை விளக்குவதற்கு உரியது. உதவியை அளந்து கொடுப்பதற்கு உரியது அன்று. நோயும் வறுமையும் வினைப்பயன் என்று சொல்லிக் கைகட்டி நிற்பவர், விளக்கத்தைத் தீர்ப்பாக மாற்றிவிடுகிறார். அந்த உரிமையைப் பிரம்ம சூத்திரமும் தரவில்லை, உடலியலும் தரவில்லை.